கார்டு எடுத்தால்தான் மாற்றுத்திறனாளியா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வயது 31. சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணினி வேலை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் என்று கண் டாக்டர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. இருட்டில் கண் தெரியாது, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் நேராகப் பார்த்தால் பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. பைக்கை விற்றுவிட்டு, கேட்பவர்களிடம் டிராஃபிக் என்று காரணம் சொல்கிறார். நண்பர் ஒருவர், "மாற்றுத்திறனாளி அடையாள கார்டு எடுத்து வை" என்கிறார். அம்மாவோ, "உனக்கென்னடா ஊனமா? அந்த லிஸ்ட்டுல பேர் ஏறிட்டா எவன் பொண்ணு தருவான்?" என்கிறார். "நான் நிஜமாகவே மாற்றுத்திறனாளியா, இல்லை உண்மையான மாற்றுத்திறனாளிகளின் இடத்தைப் பிடுங்குகிறேனா? மற்றவர்கள் எப்போது தங்களை அப்படி நினைக்க ஆரம்பித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. இப்போது 54. அடையாள அட்டை, உதவித்தொகை, பஸ் பாஸ் என்று அலைகிறவர்களுக்குத் துணையாகப் போவதை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் எனக்குள் கேட்டுக்கொண்டதுதான்.

சட்டப்படியான பதில் சின்னது, முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையை இரண்டு விதமாக அளக்கிறது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு சின்ன எழுத்து தெரிகிறது என்பது ஒன்று. கண்ணை அசைக்காமல் நேரே பார்க்கும்போது எத்தனை டிகிரி அகலத்துக்கு உலகம் தெரிகிறது என்பது இன்னொன்று. இந்தப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை. 10 டிகிரிக்கும் கீழே போய்விட்டால், நடுவில் எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது பார்வையின்மைதான். உங்கள் நோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்கிற குச்சி வடிவ செல்கள். அவை விழித்திரையின் ஓரத்தில்தான் அதிகம். அதனால்தான் இரவும் ஓரமும் முதலில் போகின்றன, பொடி எழுத்து நெடுநாள் நிற்கிறது. "பேப்பர் படிக்கிறேனே" என்பது இதில் கணக்கிலேயே வராது. மோவாயைத் தாங்கியில் வைத்து, எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொல்வார்களே, அந்த ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்தான் முக்கியம். அதை வைத்து மருத்துவர் தரும் சதவீதம் 40ஐத் தொட்டால் சட்டம் தரும் இடஒதுக்கீடு முதலானவை உங்களுக்கும் உண்டு.

ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நோயே உள்ள ஒருவரைப் பதினைந்து வருடமாகப் பழக்கம். வங்கி ஊழியர். அவர் என்னிடம் முதல்முறை மனம்விட்டுப் பேசியபோது நோயைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஒரு நாளை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைத்தான் இரண்டு மணி நேரம் சொன்னார். கல்யாண மண்டபத்தில் கூட்டத்துக்குள் நடக்க வேண்டியிருந்தால், முன்னால் போகிற யாராவது ஒரு வெள்ளைச் சட்டையைக் கண்ணில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். சினிமாவுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார், விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைந்தால் மானம் போய்விடும். படிக்கட்டு வந்தால் செல்போனைக் காதில் வைத்துப் பேசுவது போல நின்று, இரண்டு பேர் இறங்குவதைப் பார்த்து, படி எங்கே முடிகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்வார். யாராவது கை நீட்டினால் அந்தக் கை இவர் பார்வைக்குக் கீழே இருக்கும், தெரியாது. "கை குடுத்தா கண்டுக்காம நிக்கிறான், திமிரு புடிச்சவன்" என்று ஆபீஸில் பெயர். அந்தப் பெயரை அவர் மறுக்கவே இல்லை. திமிர் பிடித்தவன் என்ற பெயர், கண் தெரியாதவன் என்ற பெயரைவிடப் பரவாயில்லை என்று நினைத்தார். "வீட்டுக்குப் போனா ஒரு களைப்பு வரும். ஆபீஸ் வேலையால வர்ற களைப்பு இல்லை சார் அது" என்றார்.

அந்தக் களைப்பைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். ஒருவர் தன்னை மாற்றுத்திறனாளி என்று உணர்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாரா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். உடம்பில் எவ்வளவு குறை இருக்கிறது என்பதைவிட, அதை மறைக்க ஒரு நாளில் எவ்வளவு உழைக்கிறார் என்பதைக் கேட்பேன். பைக்கை விற்றதற்கு டிராஃபிக் என்று சொல்கிறீர்களே, அந்த உழைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கார்டு வந்த பிறகு நீங்கள் மாற்றுத்திறனாளி ஆகப் போவதில்லை தம்பி, அந்த வாழ்க்கையை ஆறு வருடமாகத் தனியாக வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

என் கதை இதற்கு நேர்மாறாகத் தோன்றும். எனக்கு மறைக்க வழியே இல்லை. இடது கால் சூம்பிவிட்டது. ஊரில் என் பெயரைவிட 'நொண்டி' என்ற பெயரைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தேன். அப்படியானால் பிறந்ததிலிருந்தே எனக்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஊர் கூப்பிட்ட பெயர் ஊருடையது. எனக்கு நான், காலில் மட்டும் கொஞ்சம் கோளாறு உள்ள, மற்றபடி எல்லோரையும் போன்ற பையன். இரும்புப் பட்டை போட்ட காலிப்பரை மாட்டிக்கொண்டு, அதன் மேல் முழுக்கால் பேன்ட் போட்டு, தாங்கித் தாங்கி நடந்து, 'பாத்தா அவ்வளவா தெரியல' என்று யாராவது சொன்னால் அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருப்பேன். பஸ்ஸில் இன்னொருவர் கட்டையோடு ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது, இரண்டு பேரையும் சேர்த்து யாரும் பார்த்துவிடக் கூடாது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் வருகிறவர்களைக் கண்டால் எனக்குள் ஒரு கோபமே வரும். இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஊர் என்னைப் பார்த்த பார்வையை வாங்கி அவர்கள் மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

1996இல் ஒரு மருத்துவ முகாம். எனக்கு 25 வயதுகூட முடியவில்லை. சான்றிதழ் வாங்கினால் வேலைக்கு ஆகும் என்று அப்பா விரட்டி அனுப்பினார். முகாம் நடந்த இடம் ஒரு கட்டடத்தின் மாடி. லிஃப்ட் இல்லை. கால் ஊனத்துக்குச் சான்று தருகிற டாக்டர் மாடியில், கால் இல்லாதவர்கள் கீழே. சிலரை உறவினர்கள் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தவழ்ந்து நடக்கும் ஒரு பெரியவர் படியில் கையூன்றி ஏற ஆரம்பித்தார், வேட்டி அவிழ்ந்தது, பாதியில் நின்றுவிட்டார். நான் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவேன், அந்தத் தைரியத்தில் முதல் படியில் கால் வைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும், இரண்டு கக்கத்திலும் கட்டை, சத்தமாகச் சொன்னார்: "நாம ஏங்க மேல ஏறணும்? டாக்டர் இறங்கி வரட்டுமே. அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

சொல்லிவிட்டு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வழி அடைபட்டது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் கத்தல், மிரட்டல். பிறகு இரண்டு மேஜைகளைக் கீழே கொண்டுவந்து போட்டார்கள். டாக்டர் இறங்கி வந்தார், ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்த்தார்.

அன்றைக்கு என்னைத் தொட்டது அந்தப் பெண்ணின் துணிச்சல்கூட இல்லை. அவர் சொன்ன 'நாம'. நம் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே, 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே. அவர் என் காலைப் பார்த்தார், என்னிடம் கேட்காமலே உள்ளே சேர்த்துக்கொண்டார். 25 வருடமாக நான் எந்தக் கூட்டத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேனோ அந்தக் கூட்டம் எனக்கு இடம் வைத்திருந்தது. அதுவரை மாடிப்படி என் காலின் பிரச்சினை. அன்றிலிருந்து அது கட்டடத்தின் பிரச்சினை. சான்றிதழில் 50 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்கு முன்பே, படிக்கட்டுக்குக் கீழேயே எனக்கு அது நடந்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. உலகத்தின் வேறு மூலைகளிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜூடித் ஹ்யூமன் என்ற பெண்ணுக்குக் குழந்தையிலேயே போலியோ. ஐந்து வயதில் அம்மா பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி இருந்தால் தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து ஆசிரியப் பயிற்சி முடித்தபோது நியூயார்க் நகரக் கல்வி வாரியம் உரிமம் தர மறுத்தது. 1970இல் வழக்குப் போட்டு வாங்கினார். அவரும் அவரைப் போன்ற பிள்ளைகள் பலரும் சிறு வயதில் கோடைக்காலத்தில் ஒரு முகாமில் கூடினார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் 'பாவம், அந்தக் குழந்தை', அங்கே எல்லோரும் ஒரே மாதிரி, பேச்சு, சண்டை, காதல் எல்லாம் உண்டு. அந்த முகாமில் பழகியவர்களில் சிலர் பிறகு 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றில் நுழைந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்தார்கள். அரசுப் பணம் வாங்கும் எந்த இடமும் ஊனத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்ற சட்டப்பிரிவு காகிதத்தில் இருந்தது, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்து விழவில்லை, அதற்காக. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பார்வையற்றவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், காது கேளாதவர்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். அதுவரை அவர்களில் பலர் இன்னொருவர் குறையைத் தன்னுடையதாக நினைத்ததில்லை. கண் இல்லாதவர் வேறு, கால் இல்லாதவர் வேறு. ஒரே கட்டடத்தில் அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான் பலருக்கு அது ஒரே பெயரானது.

பிரிட்டனில் அது கடிதத்தில் தொடங்கியது. உடல் ஊனமுற்றவர்களுக்கான விடுதி வாழ்க்கையை அறிந்த பால் ஹன்ட் 1972இல் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒதுக்கப்பட்டு வாழ்கிறவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். அதிலிருந்து பிறந்த அமைப்பு 1976இல் ஒரு தெளிவை முன்வைத்தது. உடம்பில் இருப்பது குறைபாடு. அதற்கு மேல் சமூகம் படிக்கட்டாகவும் வேலை மறுப்பாகவும் சுமத்துவதுதான் ஊனம். மைக் ஆலிவர் என்ற அறிஞர் 1980களில் இதற்குச் சமூக மாதிரி என்று பெயர் வைத்தார். எங்கள் மருத்துவ முகாமில் படியில் உட்கார்ந்த அக்கா இதில் ஒரு வரிகூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சொன்னது அதேதான்.

இந்தக் கருத்தோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. சாய்தளம் போட்டால் என் படிக்கட்டுத் தொல்லை தீரும், கால் வலி தீராது. போலியோ வந்தவர்களில் பலருக்கு, தேறி இருபது முப்பது வருடம் கழித்து, நல்லதாக இருந்த தசைகளும் தளர ஆரம்பிக்கும். எனக்கு 47 வயதில் வந்தது. வலது தோளும் கையும் சோர்ந்துபோயின. சக்கர நாற்காலி வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேருக்கு அறிவுரை சொன்ன நான், எட்டு மாதம் அதைத் தொடவில்லை. 'நடக்கிறவன்' என்ற கடைசி அடையாளத்தை விட மனமில்லை. ஆகவே இது ஒரு நாளில் நடந்து முடிகிற விஷயம் இல்லை. உடம்பு மாறும்போதெல்லாம் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் நோயில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இழப்பு, அதற்கு ஒரு துக்கம் இருக்கும். அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுங்கள். உரிமை பேசுகிறவன் அழக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

பாதி வழியில், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது உடம்பு மாறுகிறவர்களை நினைக்கும்போது எனக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வருவார். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவரைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தனக்கு நேர்ந்ததையே தன் துறையாக எடுத்துக்கொண்டார் என்பது. கை அறுவை சிகிச்சையோடே நின்றிருக்கலாம். தன்னைப் போன்றவர்கள் பக்கம் போய் நின்றார்.

இனி, 'உண்மையான மாற்றுத்திறனாளிகளின் இடத்தைப் பிடுங்குகிறேனா' என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத மாற்றுத்திறனாளியை நான் பார்த்ததில்லை. முகாம் வரிசையில் நின்று பாருங்கள். "உங்களுக்கு எத்தனை பர்சன்ட்?" என்பதுதான் அங்கே பேச்சின் ஆரம்பமே. கட்டை பிடித்தவர், "எனக்கென்னங்க, கண்ணு இருக்கே" என்பார். கண் தெரியாதவர், "நான் நடந்து போயிடுவேன், பாவம் அவரு" என்று சக்கர நாற்காலிப் பக்கம் கை காட்டுவார். அவர், "எனக்கு அறிவு நல்லா இருக்கு சாமி, அந்தப் புள்ளையப் பாருங்க" என்று யாரோ ஒரு அம்மா மடியில் இருக்கும் குழந்தையைக் காட்டுவார். அந்த அம்மா, "எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க, பேச்சுதான் லேட்டு" என்பார். எல்லோரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். அசல் மாற்றுத்திறனாளி எப்போதும் வரிசையில் நமக்கு அடுத்து நிற்கிறவர்தான்.

இந்த எல்லையைப் போடுவது சட்டம். அது நகரக்கூடியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின. ஹீமோஃபீலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), தலசீமியா, பார்க்கின்சன், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று நீளும் பட்டியல். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதற்கு முதல் நாள்வரை 'நோயாளி' மட்டுமாக இருந்த ஹீமோஃபீலியா பையன் மறுநாள் மாற்றுத்திறனாளி. அவன் உடம்பில் அன்றிரவு எதுவும் மாறவில்லை. ஒரு கண் முழுவதும் பார்வை இல்லாமல் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான், 40க்கு வராது. அவருக்குக் கஷ்டமே இல்லை என்று யார் சொல்ல முடியும்? சதவீதம் சலுகையைப் பங்கிட ஒரு கருவி. அரசுக்கு அது தேவை, நமக்கும் தேவை. நான் யார் என்ற கேள்வியை அதனிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம் பேர் என்றது. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பு, உலக மக்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை உண்டு என்று கணித்தது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? ஒரு காரணம் கேட்கிற விதம். நம் கணக்கெடுப்பில், இவர் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவரா என்று கேட்டார்கள். வாசலில் நின்று பதில் சொல்கிறவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். உங்கள் வீட்டில் உங்கள் அம்மா பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வேறு பல நாடுகளில், கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, நடப்பதில் படி ஏறுவதில் சிரமம் உண்டா என்று கேட்கிறார்கள். சிரமம் உண்டா என்றால் தாத்தாகூட ஆமாம் என்பார். ஊனமா என்றால், "வயசாயிடுச்சுப்பா, அவ்வளவுதான்" என்பார்.

சொல்லும் இதில் ஒரு தடை. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி, கலைஞர் ஆட்சியில் 2010 வாக்கில் 'மாற்றுத்திறனாளி' அரசுச் சொல்லாக வந்தது. மத்திய அரசு பின்னர் 'திவ்யாங்', அதாவது தெய்வீக உடல், என்று ஆரம்பித்தபோது தெய்வீகம் எங்களுக்கு வேண்டாம் என்று பல அமைப்புகள் எதிர்த்தன. எனக்கு 'மாற்றுத்திறனாளி' பிடிக்கும். தாசில்தார் அலுவலகத்தில், "ஏய் நொண்டி, தள்ளி நில்லு" என்பதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் சும்மா வந்ததில்லை. ஆனால் உங்களைப் போல நடுவில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எனக்கு என்ன மாற்றுத் திறன் இருக்கிறது, ஒன்றும் இல்லையே என்று தோன்றும். சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 'எனக்கு ராத்திரியில் கண் தெரியாது, பக்கவாட்டில் தெரியாது' என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். அதுவே பெரிய காரியம்.

சொல்லையே ஏற்காதவர்களும் உண்டு. பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழியில் வளர்ந்தவர்களில் பலர், எங்களுக்கு ஊனம் இல்லை, எங்கள் மொழி வேறு என்கிறார்கள். அவர்கள் கூடியிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் அங்கே ஊமை நான்தான், ஒன்றும் புரியாது. ஆனால் அவர்களும் கார்டு வைத்திருக்கிறார்கள். தன்னைப் பற்றிய எண்ணம் ஒன்று, அரசிடம் காட்டும் அட்டை ஒன்று என்று இரண்டையும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

வங்கி நண்பர் கதையை முடிக்கவில்லை. அவர் வெள்ளைக்கோல் எடுத்தது 38 வயதில். மடக்கும் கோல். நான்கு மாதம் பைக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ரயில் நிலையத்தில் மின்சாரம் போய் இருட்டானது, வேறு வழியில்லாமல் எடுத்து விரித்தார். கூட்டம் தானாக விலகியது. "பத்து வருஷமா என்னை இடிச்சவன் எல்லாம் கண்ணு தெரியலையான்னுதான் சார் திட்டிட்டுப் போனான். அன்னைக்குத்தான் ஒருத்தரும் திட்டல" என்றார். ஒரு தொல்லை தீர்ந்தது, இன்னொன்று வந்தது. ரயிலில் உட்கார்ந்து செல்போனில் செய்தி படித்தபோது எதிரே இருந்தவர், "கோலு வச்சுக்கிட்டு போன் பாக்குறான், ஃப்ராடு" என்றார். பார்வை இருக்கிறது அல்லது இல்லை, இரண்டில் ஒன்று என்றுதான் ஊருக்குத் தெரியும். அர்ஜென்டினாவில் குறைபார்வை உள்ளவர்களுக்குப் பச்சை நிறக் கோல் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி இல்லாததால் நீங்கள் வாயால்தான் விளக்க வேண்டியிருக்கும். "நேரே தெரியும், ஓரத்துல தெரியாது. குழாய் வழியா பாக்குற மாதிரி" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். நண்பர் இப்போது அந்த வாக்கியத்தைத் தினமும் சொல்கிறார். திமிர் பிடித்தவன் என்ற பெயரும் ஆபீஸில் போய்விட்டது.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு ஊழியரை அதற்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுடையது தனியார் நிறுவனம். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு தனியாரும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையை முதலில் படியுங்கள், பிறகு நம்பகமான ஒரு மேலாளரிடம் தொடங்குங்கள். எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

கடைசியாக அம்மா. அவர் பயம் பொய்யில்லை. மாற்றுத்திறனாளியைக் கல்யாணம் செய்துகொள்ளும் மாற்றுத்திறனாளி அல்லாதவருக்கு நம் அரசு உதவித்தொகையும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. உதவி நல்லதுதான், பல குடும்பங்களுக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் நம்மைக் கட்டிக்கொள்வது ஒரு தியாகம் என்று ஊர் நினைக்கிறது என்பதும் அதில் தெரிகிறது. அந்த ஊரில்தான் உங்கள் அம்மா வாழ்கிறார். மறைத்துக் கல்யாணம் செய்தால் முதல் மாதத்திலேயே, இருட்டில் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடும் முதல் இரவிலேயே தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் அது. சொல்லிவிட்டுப் பெண் பாருங்கள், நாள் ஆகலாம். இன்னொன்று, இந்த நோய் பரம்பரையாக வருவது. பல குடும்பங்களில், அப்பா அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் கோளாறான மரபணு பிள்ளையிடம் ஒன்றுசேர்வதால் வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். அத்தை பெண், மாமா பெண் பேச்சு வந்தால் மரபணு ஆலோசனை கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அம்மாவிடம் வாதம் செய்ய வேண்டாம். "உனக்கென்ன ஊனமா" என்று அவர் கேட்பது, நீங்கள் அவருக்குக் காட்டாததால். ஆறு வருடமாக இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற மகனைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவிளக்கு சரியாக எரியாத வழியாக அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர் கையைப் பிடிக்காதீர்கள், அவர் இரண்டு அடி பின்னால் வரட்டும். போன் பேசுவது போல நடிக்க வேண்டாம். எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே நில்லுங்கள், எதைத் தடவிப் பார்க்க வேண்டுமோ தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து விளக்குப் போட்ட பிறகு கார்டு பேச்சை எடுங்கள். ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், ஆதாரும் போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஆன்லைனில் பதிவதிலிருந்து டாக்டர் முன்னால் உட்காரும்வரை கூடவே இருக்கிறேன்.